பாதிச் செலவில் ஐரோப்பா, முழுச் செலவில் ஓரகத்தி

பஸ் டிப்போவில் பத்தொன்பது வருடமாக வண்டிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் பெண்மணியை அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அட்டவணையம்மா என்றால்தான் தெரியும். எந்த வண்டி எப்போது கிளம்பும், எந்த டிரைவர் எங்கே இறங்குவார், யாருக்கு எத்தனை நிமிடம் டீ குடிக்க நேரம் என்பதெல்லாம் இரண்டாம் மாடியில் அவளுடைய மேசையில்தான் தீர்மானமாகும். டிரைவர்கள் அவளைத் திட்டுவார்கள். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே திட்டுவார்கள்.

அவளிடம் இரண்டு பெருங்குணங்கள் உண்டு. ஒன்று, கணக்கில் நிமிடம் பிசகாது. இரண்டு, மனதில் எதுவும் மறக்காது. ஒரு கண்டக்டர் ஒருமுறை தவறுதலாக அவளுடைய டீயை எடுத்துக் குடித்துவிட்டார். அதன்பின் ஓய்வு பெறும்வரை, ஒன்பது வருடம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு விடிகாலை முதல் வண்டிதான். அவருடைய பிரிவுபசார விழாவில் இருப்பதிலேயே விலை உயர்ந்த பரிசு கொடுத்தவளும் அவள்தான். கோபம் வேறு, மரியாதை வேறு.

இப்படிப்பட்டவளிடம்தான் அவளுடைய ஓரகத்தி வாயைக் கொடுத்தாள். விதி யாரை விட்டது?

ஓரகத்தி என்பவள் கணவருடைய அண்ணன் மனைவி. கடைவீதியில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறாள். ஊரில் பாதி ஜன்னலை மூடியது அவள்தான். தன் வாயை மட்டும் மூட அவளிடம் துணி இருந்ததில்லை. சுற்றுலாக் கம்பெனி ஒன்றோடு பதினோரு நாளில் ஏழு நாடு பார்த்துவிட்டு வந்தவள், மாமியார் வீட்டு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவியில் ஆயிரத்து நானூறு படங்களைப் போட்டுக் காட்டினாள். அறுநூற்றுப் பன்னிரண்டாவது படத்தில், மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று அட்டவணையம்மா கேட்டாள்:

"ரயில்ல எல்லாம் போனீங்களாக்கா?"

"ரயிலா? முழுக்க ஏசி பஸ்ஸும்மா. ஏன், நீ போகப் போறியா? அந்த ஊர்ல ஒன்னுக்குப் போறதுக்கே ஒரு யூரோ கேக்கறான். உன் சம்பளத்துக்கு மூணு நாள் அடக்கிக்கிட்டுத்தான் இருக்கணும்."

சபை சிரித்தது. மாமியார் எல்லோரையும் விட நன்றாகச் சிரித்தார். அவர் வாயிலிருந்த பல் செட்டு, அட்டவணையம்மாவின் கணவர் தன் கையால் செய்து கொடுத்தது. அவர் பல் செட்டுச் செய்கிறவர். ஊர் வாய்க்கெல்லாம் பல் கட்டுவார், தன் வாயை லேசில் திறக்க மாட்டார். தன் புருஷன் கட்டிய பல்லாலேயே தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று அட்டவணையம்மா மனதில் குறித்துக்கொண்டாள். அதை வெளியே காட்டவில்லை. குழந்தை போல முகத்தை வைத்துக்கொண்டு, "ஒரு ஆளுக்கு எவ்வளவுக்கா ஆச்சு?" என்று கேட்டாள். ஓரகத்தி பெருமையாக, காசு வரை சுத்தமாகச் சொன்னாள்.

எதிரிக்கு ஆயுதத்தைத் துடைத்துக் கையில் கொடுப்பது என்பது இதுதான்.

வீடு திரும்பும் வழியில் அட்டவணையம்மா கணவரிடம் அறிவித்தாள். "அதே யூரோப்பு. அவங்களை விட நாலு நாள் கூட. செலவு அவங்க செலவுல பாதி. ஒரு பைசா தாண்டக் கூடாது. அப்புறம் அதே சோபாவுல உக்காந்து, அதே டிவியில, கடைசிப் படமா கணக்கைப் போட்டுக் காட்டறேன்."

பல் செட்டுக்காரர் கொஞ்ச தூரம் யோசித்து நடந்தார். "சரி," என்றார்.

மறுநாளே ஒரு நீலக் கோப்பு திறக்கப்பட்டது. மேலே 'பாதி' என்று மட்டும் எழுதியிருந்தாள். ஓரகத்தி சொன்ன தொகையை நூறு என்று வைத்துக்கொண்டால், இந்தப் படையெடுப்பு ஐம்பதுக்குள் முடிய வேண்டும். ரயிலுக்கு இவ்வளவு, தங்க இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தாள். கழிப்பறைக்குத் தனிப் பத்தி. நாளுக்கு ஆளுக்கு நான்கு தடவை வீதம் பதினைந்து நாளைக்குத் தாராளமாக ஒதுக்கினாள். மற்ற எல்லாவற்றிலும் பிடித்த பிடியை அதில் மட்டும் பிடிக்கவில்லை. அது மானப் பிரச்சினை.

ரயில்தான் அவளுடைய போர்க்களம். அந்தப் பக்கத்து ரயில்களில் ஒரே இருக்கைக்கு ஒரே விலை கிடையாது என்பதை இரண்டே வாரத்தில் கண்டுபிடித்தாள். விற்பனை தொடங்கிய அன்றே வாங்கினால் ஒரு விலை. ஆற அமர வாங்கினால் மூன்று மடங்கு. சில ரயிலுக்கு ஆறு மாதம் முன்னால் திறக்கும், சிலவற்றுக்கு மூன்று மாதம். செவ்வாய், புதன் மலிவு. வெள்ளிக்கிழமை பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. டிப்போவில் மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். விற்பனை திறந்த மூன்றாவது நிமிடத்தில் டிக்கெட் அவள் கையில் இருக்கும்.

மலிவு டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: குறித்த ரயிலில் மட்டுமே செல்லும், மாற்ற முடியாது, பணம் திரும்பாது. பக்கத்து மேசை ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார்.

"இதை எங்க மாமனார் அன்னிக்கே கல்யாணப் பத்திரிகையில போட்டிருந்தா நான் உஷாரா இருந்திருப்பேனே மேடம்."

"உங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லவா?"

"நான் வேலையைப் பாக்கறேன் மேடம்."

கணவருக்கும் ஒரு விருப்பம் இருக்கலாம் என்று கோப்பின் பதினேழாம் பக்கத்தில்தான் அவளுக்குத் தோன்றியது. "உங்களுக்கு அங்க என்னங்க பாக்கணும்?"

"ஒரு ஏரி."

"ஏரியில என்ன?"

"ஒன்னும் இல்ல. கரையில சும்மா உக்காரணும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நாள்."

இருபத்து நான்கு வருடத் தாம்பத்தியத்தில் அவர் கேட்ட முதல் பொருள் அது. அட்டவணையம்மா எழுதினாள்: 'பதினான்காம் தேதி, 09:00 முதல் 17:00 வரை, சும்மா.' பத்தொன்பது வருட சர்வீஸில் அப்படி ஒரு டியூட்டியை அவள் யாருக்கும் போட்டதில்லை.

எல்லாம் கூட்டிப் பார்த்தாள். ஐம்பத்து மூன்று புள்ளி நாலு. ரொட்டியைக் குறைத்தாள், ஒரு கோபுரத்தை வெளியில் நின்றே பார்ப்பதாக மாற்றினாள். என்ன செய்தும் ஐம்பத்து மூன்று நகரவில்லை. பிறகுதான் அந்த இடம் கண்ணில் பட்டது. நான்கு பேர் சேர்ந்து போனால் ரயிலில் தனிச் சலுகை. வாடகை வீடும் நான்கு பேருக்குப் பிரியும். நான்கு பேர் என்று போட்டால் தலைக்கு நாற்பத்தெட்டு புள்ளி ஒன்பது.

அந்த மாதம் லீவும் பாஸ்போர்ட்டும் பணமும் உள்ள இன்னொரு ஜோடி உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. எதிரியைப் பழிவாங்க வேண்டுமானால் எதிரியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கணக்கு சொன்னது. கணக்கோடு சண்டை போட்டுப் பழக்கம் இல்லாதவள் அவள். அன்று மாலையே திரைச்சீலைக் கடையில் போய் நின்றாள்.

"எங்க கூட வர்றீங்களாக்கா? உங்க பங்கை நீங்க குடுத்தா போதும்."

ஓரகத்தி துணி அளக்கிற டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாங்கதான் எல்லாம் பாத்தாச்சே. ஆனாலும் நீங்க ரெண்டு பேரும் தனியா போய் எங்கயாவது தொலைஞ்சு போயிட்டா மாமியார் என்னைத்தான் கேப்பாங்க. வர்றேன். யாராவது வழி காட்டணுமில்ல?"

"ஆமாக்கா. உங்களை விட்டா யாரு இருக்கா?" என்றாள் அட்டவணையம்மா. பல்லைக் கடித்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அதன்பிறகு பழி நுண்கலையாக மலர்ந்தது. ரயில் இருக்கைகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை டிக்கெட் எடுப்பவருக்கு. ஒன்பது ரயிலிலும் ஓரகத்திக்குப் பின்பக்கம் பார்த்த இருக்கை. அதில் ஆறு, கழிப்பறைக் கதவுக்கு எதிரே. ஆளுக்கு ஒரு பெட்டி, முழங்கால் உயரம் தாண்டக் கூடாது என்ற விதியும் வந்தது. மூன்று பெட்டி இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குப் போகாதவளுக்கு இது உயிர்வதை. எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு, 'சிக்கனம் கருதி' என்று எழுதிக் கொடுத்தாள்.

பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, டிக்கெட்டுகளை அச்செடுத்துத் தேதிவாரியாக அடுக்கியவள், ஏரி ஊரிலிருந்து கிளம்பும் டிக்கெட்டைக் கையில் எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

இங்கே டிப்போவின் பஞ்சாங்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிப்போவில் ஒரு நாள் என்பது விடிகாலை முதல் வண்டி கிளம்பும்போது பிறக்கும். கடைசி வண்டி ஷெட்டுக்குள் வந்து நின்ற பிறகுதான் சாகும். நடுவில் பன்னிரண்டு அடித்தாலும் தேதி மாறாது. இருபத்து நாலு இருபது, இருபத்தைந்து பத்து என்று அதே தேதியின் மணி நீண்டுகொண்டே போகும். பத்தொன்பது வருடமாக அந்த நாளிலேயே வாழ்ந்தவள், ஏரிக்கரையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு அன்றைய கடைசி ரயிலைப் பிடிப்பதாக நினைத்து, பதினான்காம் தேதி 00:20 ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். உலகத்தாருடைய காலண்டரில் அந்த ரயில், பதின்மூன்றாம் தேதி முடிந்த இருபதாவது நிமிடமே போய்விடும். அதாவது ஏரி நாளுக்கு முன்னால்.

மாற்ற முடியாது, பணம் திரும்பாது.

அன்று டிப்போவில் இரண்டு வண்டிகள் ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் கிளம்பின. யாரும் காரணம் கேட்கத் துணியவில்லை.

வழி இரண்டுதான். பழைய டிக்கெட்டிலேயே போனால் கணவருடைய ஏரி போய்விடும். புது டிக்கெட் எடுத்தால் இப்போது மூன்று மடங்கு விலை. தலைக்கு ஐம்பத்தொன்று, சபதம் போய்விடும். அதோடு ஏன் எடுத்தாய் என்று நாலு பேர் கேட்பார்கள். அட்டவணையம்மாவே அட்டவணையில் தப்பு விட்டாளாம் என்று ஊர் பேசும். அதைவிட மூன்று நாள் அடக்கிக்கொண்டிருக்கலாம்.

மூன்று நாள் பல்லைக் கடித்து யோசித்தாள். நான்காம் நாள் ஞாயிறு. மாமியார் வீட்டு மேசையில், எல்லோரும் கை கழுவி உட்கார்ந்த பிறகு, மிகச் சாதாரணமாக ஆரம்பித்தாள்.

"அக்கா, அட்டவணையில ஒரு சின்ன திருத்தம். ஏரி ஊர்லேருந்து நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள் முன்னாடியே கிளம்பிடறீங்க. ஏரியெல்லாம் நீங்க பாத்ததுதானே. டிக்கெட் இருக்கு."

"நாங்க மட்டுமா?"

"ஆமாக்கா. நடுவுல ஒரே ஒரு எடத்துல எறங்கி ரயில் மாறணும். ஒம்போது நிமிஷம் இருக்கு. மூணாம் பிளாட்பாரத்துலேருந்து பதினாலுக்குப் போகணும்."

"போயிடலாமே!" என்றார் மூத்தவர், ஓரகத்தியின் கணவர், உற்சாகமாக. அட்டவணையம்மாவுக்கு உயிர் நின்று போயிற்று. நல்ல வேளையாக மேசைக்கு அடியில் ஒரு கால் நகர்ந்தது. மூத்தவர் "ஆ" என்று சொல்லி, அதன்பின் பேசவில்லை.

"அங்க போய் எறங்கினதும்?" என்றாள் ஓரகத்தி.

"வீட்டுச் சாவி மறுநாள்தான் குடுப்பாங்க. அதுவரைக்கும் ஸ்டேஷன்ல பெஞ்சு இருக்கும்க்கா. பெஞ்சுக்குக் காசு கேக்க மாட்டாங்க."

ஓரகத்தியின் ஐரோப்பிய அனுபவம் முழுவதும் ஒரு மஞ்சள் குடையைப் பற்றியது. கம்பெனி ஆள் அந்தக் குடையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போனாரோ அதுதான் ஐரோப்பா. இது அட்டவணையம்மாவுக்கு அந்த ஆயிரத்து நானூறு படங்களிலிருந்தே தெரியும். பாதிப் படத்தில் குடை நுனி இருந்தது. அவள் நிதானமாகத் தண்ணீர் குடித்தாள்.

பத்து நிமிடம் கழித்துச் சமையலறையில் ஓரகத்தி அவளுடைய முழங்கையைப் பிடித்தாள். "ஏம்மா, எங்களைத் தனியா விட்டுடாத. போன தடவை குடையைத் தவற விட்டுட்டு நாப்பது நிமிஷம் நடுத்தெருவுல நின்னு அழுதேன். இவருக்கு எடது எது வலது எதுன்னே தெரியாது. நாலு பேரும் ஒன்னாப் போற மாதிரி வேற டிக்கெட் எடு. பணம் நான் தர்றேன்."

"இப்ப மூணு மடங்குக்கா."

"நாலு பேருக்கும் நானே தர்றேன். மாமியார்கிட்ட மட்டும் சொல்லாத."

"உங்க இஷ்டம்க்கா," என்றாள் அட்டவணையம்மா, பெரிய மனது பண்ணி.

ஏரி பிழைத்தது, சபதம் பிழைத்தது, தப்பு வெளியே வரவில்லை, எதிரி கெஞ்சியதோடு பணமும் கொடுத்தாள். ராஜதந்திரம் என்றால் இதுதான் என்று அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்.

"அந்த டிக்கெட்டு தேதி தப்பா எடுத்ததுதானே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. மூணு நாளா தூக்கத்துல பல்லைக் கடிக்கிற. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா, என் தொழிலாச்சே." சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "ஏரி இருக்கில்ல?" என்றார்.

"இருக்கு."

"அப்ப சரி."

போனார்கள். ஓரகத்தி ஒன்பது ரயிலிலும் பின்னோக்கிப் பயணம் செய்து, ஐரோப்பா தன்னை விட்டு விலகிப் போவதையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஸ்டேஷன் கழிப்பறைகளின் இரும்புக் கதவு நாணயம் மட்டுமே விழுங்கும். ஓரகத்தியிடம் கத்தை கத்தையாக நோட்டு. நாணயப் பை அட்டவணையம்மாவிடம். "ஒரு காசு குடும்மா" என்று அவள் ஒவ்வொரு முறை கையேந்தும்போதும், "இன்னிக்கு இது எத்தனாவது தடவைக்கா?" என்று அட்டவணையம்மா அக்கறையோடு விசாரித்தாள், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. அவர்களுக்குப் பாஷை தெரியாதது ஒன்றுதான் குறை.

ஏரிக்கரையில் பல் செட்டுக்காரர் எட்டு மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்கு எழுந்து, "நல்லா இருந்துச்சு," என்றார். பதினைந்து நாளில் யாரும் எதையும் ரசித்ததாக வேறு பதிவு இல்லை.

கணக்கு நாற்பத்தெட்டு புள்ளி ஒன்பதில் முடிந்தது.

திரும்பி வந்த முதல் ஞாயிறு. கோப்பின் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்துத் தயாராகக் கொண்டுவந்த அட்டவணையம்மாவுக்கு முன்னால், ஓரகத்தி போனை டிவியில் மாட்டிவிட்டாள். முதல் படத்திலேயே ஆரம்பித்தாள்.

"இந்த ரயில் பாருங்க அத்தை. இதுக்கு நாலு பேருக்கும் நான்தான் டிக்கெட் எடுத்தேன். என்ன பண்றது, சின்னவளுக்கும் ஆசை இருக்குமில்ல? நம்மதான் கூட்டிட்டுப் போகணும்."

"பெரிய மனசும்மா உனக்கு," என்றார் மாமியார்.

அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. மறுநாள் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று; மூன்றாம் நாள் கடைவீதிக்கு. பெரியவள் செலவு பண்ணிச் சின்னவளை ஐரோப்பா கூட்டிக்கொண்டு போனாளாம். வியாழக்கிழமை டிப்போ வாசலில் ஒரு டிரைவரே கேட்டார். "உங்க அக்கா கூட்டிட்டுப் போனாங்களாமே மேடம்? குடுத்து வெச்சவங்க நீங்க." அவருக்கு அடுத்த நான்கு ஞாயிறும் முதல் வண்டி.

ஆனால் எத்தனை பேருக்கு முதல் வண்டி போடுவது? மறுக்கவும் வழியில்லை. "அது ஒரு ரயிலுக்கு மட்டும்தான்" என்றால், அந்த ஒரு ரயிலுக்கு ஏன் இரண்டு முறை டிக்கெட் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் இருபத்து நாலு இருபது வெளியே வரும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நான்கு டிக்கெட்டும் தன் தலையில் ஏறும். நீலக் கோப்பில் கூட்டிப் பார்த்தாள். ஐம்பத்து மூன்று புள்ளி ஒன்று. ஓரகத்தியே இல்லாமல் இரண்டு பேராகப் போயிருந்தால் ஐம்பத்து மூன்று புள்ளி நாலு. பதினைந்து நாள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு காலை ரொட்டி தின்றதில் மிச்சம், நூற்றுக்குப் பத்தில் மூன்று பங்கு.

எதிரிக்குச் சகுனத் தடையாகத் தன் மூக்கை அறுத்துக்கொண்டவனைப் பற்றிப் பெரியவர்கள் கேலியாகத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவன் பக்கத்து நியாயத்தை ஒருவரும் கேட்டதில்லை. அட்டவணையம்மா அந்த வாரம் முழுக்க அவன் பக்கம்தான் இருந்தாள்.

அடுத்த ஞாயிறு, எல்லோரும் கை கழுவி உட்கார்ந்த பிறகு, எழுந்து நின்றாள்.

"அத்தை, ஒரு விஷயம். அந்த ரயிலுக்கு நான் ஆறு மாசம் முன்னாடியே டிக்கெட் எடுத்திருந்தேன். தேதியைத் தப்பாப் போட்டுட்டேன். டிப்போ நினைப்புல ராத்திரி பன்னெண்டு இருபதை அதே நாள்னு நினைச்சுட்டேன். தப்பு என்னுது."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். சாப்பாட்டுக்கு வந்திருந்த நாத்தனார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பஸ்ஸுக்கெல்லாம் நேரம் குறிக்கறவளா இப்படி!" என்று மாமியார் மேசையைத் தட்டினார். அட்டவணையம்மா அசையாமல், கொட்டுகிற மழையில் பஸ்ஸுக்கு நிற்பவளைப் போல, அது ஓயட்டும் என்று நின்றாள். பல் செட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"அதைச் சொல்லாம, உங்களைத் தனியா அனுப்பறேன்னு அக்காகிட்ட சொன்னேன். அக்கா பயந்துட்டாங்க. போன தடவை குடையைத் தவற விட்டுட்டு நடுத்தெருவுல நாப்பது நிமிஷம் அழுதாங்களாம். தனியா விட்டுடாதம்மான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பணத்தைக் குடுத்தாங்க. அந்தப் பணம் இது," என்று நோட்டுக் கட்டை ஓரகத்தியின் முன்னால் வைத்தாள்.

சிரிப்பு பாதியில் திசை மாறிற்று. "நீ அழுதியா?" என்றார் மூத்தவர், உண்மையான ஆச்சரியத்தோடு. "நீதான் ஏதோ வழி தெரியாதவங்களுக்கு வழி சொல்லிக்கிட்டு நின்னேன்னு சொன்னே?"

ஓரகத்தியின் முகம் தானே தைத்த கருநீலத் திரையின் நிறத்துக்கு வந்தது. "எனக்கு எதுக்கும்மா இப்ப இந்தப் பணம்? நமக்குள்ள என்ன..."

"எண்ணிப் பாருங்கக்கா."

"வேணாம்மா."

"எண்ணு," என்றார் மாமியார். "பணம்னா எண்ணித்தான் வாங்கணும்."

ஓரகத்தி எண்ணினாள். கடையில் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிற விரல்கள் இரண்டு முறை தடுமாறின. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நோட்டு கூட இருக்கே," என்றாள்.

"தெரியும்க்கா. அது வட்டி."

அந்த நோட்டை ஓரகத்தி நீட்டியபடி இருந்தாள். அட்டவணையம்மா கையைக் கட்டிக்கொண்டாள். மூத்தவர் கூரையைப் பார்த்தார். வேறு யாரும் கை நீட்டவில்லை. கடைசியில் ஓரகத்தி அதை மடித்து, கைப்பையைத் திறந்து, உள்ளே வைத்து மூடினாள். அதற்குப் பதினேழு நொடி ஆயிற்று. அட்டவணையம்மா ஒவ்வொரு நொடியையும் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்றைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.